நூருதீன் ஃபாராவை எங்கிருந்து தொடங்குவது

சோமாலியா என்றதும் நமக்குக் கடற்கொள்ளையரும் பஞ்சமும்தான் நினைவுக்கு வருகிறார்கள். சோமாலிய எழுத்தாளர் நூருதீன் ஃபாராவின் நாவலைக் கையில் எடுப்பவர்களும் அதைத் தேடித்தான் எடுக்கிறார்கள். ஐம்பது பக்கம் போனதும், "என்னப்பா இது, ஒரு நர்ஸ் டாக்ஸியில் வேலைக்குப் போகிறாள், வீட்டுக்கு வந்து பிள்ளைகளோடு பேசுகிறாள், சண்டையையே காணோமே" என்று மூடி வைத்துவிடுகிறார்கள். என்னிடம் புத்தகம் வாங்கிப்போன நண்பர்கள் சிலர் இப்படித்தான் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்களிடம் உட்கார்ந்து சொல்ல நினைத்ததை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் இலக்கியம் படித்தவன் கிடையாது. நைரோபியில் துணி இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்த்தேன். எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் ஈஸ்ட்லீயில் கடை வைத்திருந்த சோமாலிகள். ஈஸ்ட்லீ ஒரு காலத்தில் இந்தியக் குடும்பங்கள் நிறைய இருந்த பகுதி. 1991க்குப் பிறகு சோமாலியத் தலைநகர் மொகடிஷுவிலிருந்து உள்நாட்டுப் போருக்குத் தப்பி ஓடிவந்தவர்கள் 'கரிஸா லாட்ஜ்' என்ற விடுதியின் அறைகளில் சரக்கை வைத்து விற்கத் தொடங்கினார்கள். அங்கிருந்து கடை கடையாக வளர்ந்து இன்று ஏரியா முழுக்க வணிக வளாகங்கள். மழை பெய்தால் முழங்கால் வரை சேறு. இசியோலோவிலிருந்து கேன்களில் ஒட்டகப்பால் வந்து இறங்கும். நிலுவை வசூலுக்குப் போனால் முதலில் ஏலக்காய் போட்ட தேநீர் வரும், அப்புறம் பேச்சு, கடைசியில்தான் பணம். அந்தக் காத்திருப்பு நேரத்தில் படிப்பதற்காகத்தான், நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் ஃபாராவின் நாவல் ஒன்றை வாங்கினேன். சுற்றி இருப்பவர்களின் ஊரைப் பற்றிய கதை என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

அது 'மேப்ஸ்', 1986இல் வெளிவந்த நாவல். என் அனுபவத்தில் அதிலிருந்து தொடங்க வேண்டாம். மிகச் சிறந்த நாவல்தான், ஆனால் ஒரே ஆளின் கதையை 'நான்', 'நீ', 'அவன்' என்று மாறி மாறிச் சொல்லும் நாவல். ஒகாடன் என்றால் எது, 1977இல் என்ன நடந்தது என்று தெரியாமல் உள்ளே போனால் மூச்சு முட்டும்.

தொடங்க ஏற்றது 'கிஃப்ட்ஸ்'. நண்பர்கள் அலுத்துக்கொண்ட அந்த நர்ஸ் கதைதான். துனியா என்ற பெண் மொகடிஷுவில் மகப்பேறு மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். நடுவயது, ஏற்கெனவே திருமண வாழ்க்கையைப் பார்த்தவள், பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருநாள் டாக்ஸி என்று நினைத்து ஏறுகிறாள். ஓட்டுபவன் போசாசோ, அவன் காசு வாங்க மறுக்கிறான். யாரிடமும் எதையும் இலவசமாக வாங்கக் கூடாது என்று வாழ்பவள் அவள். அங்கிருந்து நாவல் கிளம்புகிறது. அவர்கள் வீட்டுக்கு ஓர் அனாதைக் குழந்தை வந்து சேர்கிறது. நடுநடுவே ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வரும் உணவு உதவி பற்றிய பத்திரிகைச் செய்திகள் வந்து விழுகின்றன. கொடுப்பவனுக்கும் வாங்குபவனுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதை ஒரு காதலிலும் ஒரு நாட்டிலும் ஒரே சமயத்தில் வைத்துப் பார்க்கிறார். துப்பாக்கி கிட்டத்தட்ட இல்லை. போரில் அழிந்த நகரம் அழிவதற்கு முன் எப்படி இருந்தது, அங்கே யார் என்ன சமைத்தார்கள், பிள்ளைகள் அம்மாவிடம் எப்படி வம்பு பேசின என்பது மனதில் பதிந்தால்தான் பிற்கால நாவல்களில் இடிபாடு வரும்போது எது இடிந்தது என்று நமக்குத் தெரியும்.

கூடவே ஒரு வரைபடம் வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் இருப்பது போதும். எத்தியோப்பிய மலைகளில் பிறந்து சோமாலியாவுக்குள் இறங்கும் ஷபெல்லே நதியைக் கண்டுபிடியுங்கள். நதியோடு கீழே வந்தால் முதலில் கல்லாஃபோ, எல்லைக்கு இந்தப் பக்கம் பெலெத்வெய்ன், அப்புறம் தெற்கே திரும்பி மொகடிஷுவை ஒட்டிப் போகிறது. ஃபாரா 1945இல் பைடோவாவில் பிறந்தார், வளர்ந்தது கல்லாஃபோவில். அது சோமாலிகள் வாழும் ஊர், எத்தியோப்பிய ஆட்சிக்கு உட்பட்ட ஒகாடன் பகுதி. அப்பா வணிகர், ஆங்கிலேய அதிகாரிகளுக்கு மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தவர். அம்மா வாய்மொழிக் கவிஞர். வீட்டில் சோமாலி, பள்ளியில் அரபி, அம்ஹாரிக், ஆங்கிலம். 1963இல் எல்லைச் சண்டை வந்தபோது குடும்பம் ஊரை விட்டு மொகடிஷுவுக்கு நகர்ந்தது. அவர் முதல் நாவலில் வரும் எப்லா என்ற மேய்ச்சல்குடிப் பெண்ணும் கிழவனுக்குக் கட்டிவைக்கப் பார்த்த வீட்டிலிருந்து தப்பி, பெலெத்வெய்னுக்கு வந்து, அங்கிருந்து மொகடிஷுவுக்குப் போகிறாள்.

அந்த முதல் நாவல், 'ஃப்ரம் எ க்ரூக்கட் ரிப்', சண்டிகரில் எழுதப்பட்டது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. 1966 முதல் 1970 வரை பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் அவர் மாணவர். அமெரிக்கா போகும் வாய்ப்பு இருந்தும் இந்தியாவைத் தேர்ந்தெடுத்தார். இருபத்து சொச்சம் வயது ஆண், எழுதப்படிக்கத் தெரியாத ஒரு பெண்ணின் மனசுக்குள் உட்கார்ந்து, ஒரு பெண்ணின் விலை எத்தனை ஒட்டகம் என்று யோசிக்கிறான். சின்ன நாவல், நடை கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும். 'கிஃப்ட்ஸ்' முடித்துவிட்டு இதைப் படித்தால் அந்தக் கரடுமுரடு உறுத்தாது.

ஒரு சின்ன விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். சோமாலி மொழி 1972இல்தான் லத்தீன் எழுத்தை அதிகாரபூர்வமாக ஏற்றது. அதில் சி என்ற எழுத்துக்கு அடித்தொண்டை 'அ' ஒலி, எக்ஸ் எழுத்துக்கு அழுத்தமான 'ஹ' ஒலி. ஆகவே 'நாட்ஸ்' நாவலின் நாயகி நம் கண்ணுக்குக் 'கம்பாரா' போலத் தெரிந்தாலும் அவள் அம்பாரா. 'கிராஸ்போன்ஸ்' நாவலில் காணாமல் போகும் பையன் 'டக்ஸ்லில்' இல்லை, தஹ்லீல். இது தெரிந்துவிட்டால் பெயர்கள் மனதில் நிற்கும். அரபிப் பெயர்கள் பல அப்படியே வந்து உட்கார்ந்திருப்பதும் புரியும்.

ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கியதற்கு அந்த 1972ஐயும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர் எழுத வந்தபோது தாய்மொழிக்குப் பொது எழுத்தே இல்லை. எழுத்து வந்ததும் சோமாலியில் ஒரு தொடர்கதை எழுதினார். அரசு தணிக்கை அதைப் பாதியில் நிறுத்தியது. பிறகு ஆங்கிலம்தான். ஈஸ்ட்லீயில் இதைச் சொன்னால் இரண்டு விதமான பதில் வரும். வயதான கடைக்காரர் ஒருவர் நாவலே படித்ததில்லை. ஆனால் சையித் முகம்மது அப்துல்லா ஹசனின் கவிதைகளை மணிக்கணக்கில் சொல்வார். அந்த மனிதர் பிரிட்டிஷாரோடு இருபது வருடம் போரிட்ட, கவிதையையும் ஆயுதமாகப் பயன்படுத்திய தலைவர். "கதையை எதற்கு எழுதி வைக்க வேண்டும், மறந்தா போய்விடும்?" என்பது கடைக்காரரின் கேள்வி. எங்கள் ஆபீசில் வேலை பார்த்த இளம்பெண் வேறு மாதிரி. ததாப் அகதிமுகாமில் பிறந்தவள், மொகடிஷுவைக் கண்ணால் பார்த்ததில்லை. 'கிஃப்ட்ஸ்' படித்துவிட்டு, அம்மா சொல்லும் ஊர் இதில் இருக்கிறது என்றாள். அம்மாவிடம் போய் சில இடங்களைக் கேட்டுச் சரிபார்த்துவிட்டும் வந்தாள்.

அவர்களிடம் பேசிப் பழகியதில் எனக்குப் பிடிபட்ட ஒன்று உண்டு. போரிலிருந்து வந்த மனிதரிடம் போரைப் பற்றிக் கேட்காதீர்கள். என்ன குலம் என்று கேட்கவே கேட்காதீர்கள். அந்தக் கேள்வியால் செத்தவர்கள் அவர்கள் வீட்டிலேயே இருப்பார்கள். உங்கள் தெருவில் சினிமா தியேட்டர் இருந்ததா, கடற்கரை எவ்வளவு தூரம், ஸ்கூலுக்கு எப்படிப் போவீர்கள் என்று கேளுங்கள். அரைமணி நேரத்தில் போரும் தானாக வந்து சேரும், அவர்கள் சொல்ல விரும்பும் அளவுக்கு. 'அதேர்' என்று, அதாவது சித்தப்பா முறை சொல்லிப் பெரியவர்களைக் கூப்பிட்டால் பேச்சு இன்னும் இலகுவாகும்.

ஃபாராவே இதைச் செய்திருக்கிறார். அவருடைய கட்டுரை நூலான 'யெஸ்டர்டே, டுமாரோ' 2000இல் வந்தது. 1991இல் நாடு குலைந்தபோது அவர் குடும்பமே மொம்பாசாவில் அகதியாக நின்றது. அங்கே அப்பாவைப் பார்க்கப் போனதில் தொடங்கி, கென்யா முகாம்கள், இத்தாலி, பிரிட்டன், ஸ்விட்சர்லாந்து, ஸ்வீடன் என்று சோமாலி அகதிகளைத் தேடிப்போய்ப் பேசி எழுதினார். பழைய நினைவை மட்டும் வைத்துக் காலம் தள்ளாமல், அப்போதுதான் கப்பலிலிருந்தும் படகிலிருந்தும் இறங்கியவர்களிடம் கேட்டார். வெளியூரில் இருந்துகொண்டு சொந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் அவரிடமிருந்து முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான் என்று நினைக்கிறேன்.

அவர் வெளியேறிய கதையையும் சொல்லிவிட வேண்டும். 1969 அக்டோபர் 21இல் ராணுவப் புரட்சியில் சியாத் பாரே ஆட்சியைப் பிடித்தார். 1974இல் ஃபாரா மேற்படிப்புக்காக பிரிட்டன் போனார். 1976இல் ஊர் திரும்பும் வழியில் ரோமிலிருந்து அண்ணனுக்கு போன் போட்டு, விமானநிலையத்துக்கு வரச் சொன்னார். அந்த வருடம்தான் 'எ நேக்கட் நீடில்' நாவல் வெளியாகி ஆட்சியாளர்களைக் கோபப்படுத்தியிருந்தது. வராதே, சோமாலியா செத்துப் புதைக்கப்பட்டுவிட்டதாக நினைத்துக்கொள் என்று அண்ணன் சொல்லிவிட்டார். மறுபடி அவர் சொந்த மண்ணை மிதித்தது 1996இல். ஊரை விட்டு இருபத்திரண்டு வருடம். இடையில் இத்தாலி, நைஜீரியா, காம்பியா, சூடான், உகாண்டா என்று அலைந்து, 1999இல் கேப்டவுனில் வீடு பிடித்தார். 1998இல் நியூஸ்டாட் சர்வதேச இலக்கியப் பரிசு வந்தது.

இருபத்திரண்டு வருடம் பார்க்காத ஊரை எப்படி எழுதுவது? இதற்கு அவர் கண்டுபிடித்த வழிகளைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

முதல் வழி, கதையை வீட்டுக்குள் கொண்டுபோவது. தெரு மாறும், அரசு மாறும், அப்பா அதட்டும் விதம் மாறாது. 'ஸ்வீட் அண்ட் சவர் மில்க்' (1979) நாவலில் அரசு ஊழியனான சோயான் மர்மமாகச் சாகிறான். அவனுடைய இரட்டைச் சகோதரன் லோயான், ஒரு பல் மருத்துவன், உண்மையைத் தேடுகிறான். சர்வாதிகாரிக்கு எதிராக ரகசியமாக வேலை செய்தவனை அரசு தன் தியாகியாக அறிவிக்கிறது. அதற்குப் பொய்ச்சாட்சி சொல்பவர் பெற்ற அப்பா கேனான். முன்னாள் போலீஸ்காரர், மனைவியை அடிப்பவர். சர்வாதிகாரி நாவலில் நேரடியாக வருவதே இல்லை, 'ஜெனரல்' என்று பேச்சில்தான் வருகிறார். வீட்டில் கேனான் இருப்பதால் ஜெனரல் எப்படி இருப்பார் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. அடுத்த நாவலான 'சார்டின்ஸ்' இதையே பெண்கள் பக்கம் நின்று சொல்கிறது. மதீனா என்ற பத்திரிகையாளர் வேலையை இழக்கிறாள். எட்டு வயது மகளுக்கு விருத்தசேதனம் செய்துவிட வேண்டும் என்று மாமியார் பிடிவாதம் பிடிக்கிறார். மதீனா வீட்டை விட்டு வெளியேறுகிறாள். இங்கே அடக்குமுறையின் கை ஒரு பெண்ணின் கை என்பதையும் அவர் மழுப்பவில்லை.

இரண்டாவது வழி 'மேப்ஸ்' நாவலில். இதற்கு மட்டும் கொஞ்சம் வரலாறு தேவை. 1960 ஜூலை 1இல் பிரிட்டிஷ், இத்தாலியப் பகுதிகள் இணைந்து சோமாலியா சுதந்திர நாடானது. கொடியில் உள்ள நட்சத்திரத்துக்கு ஐந்து முனை. இணைந்த இரண்டு போக, எத்தியோப்பியாவின் ஒகாடன், கென்யாவின் வடகிழக்கு, ஜிபூட்டி ஆகிய மூன்றும் ஒருநாள் வந்து சேரும் என்ற கனவு அது. 1977இல் சோமாலியப் படை ஒகாடனுக்குள் புகுந்து பெரும்பகுதியைப் பிடித்தது. சோவியத் யூனியன் எத்தியோப்பியா பக்கம் சாய்ந்தது, கியூபப் படைகள் வந்தன, 1978 மார்ச்சில் சோமாலியா பின்வாங்கியது. சரி, இப்போது நாவல். அஸ்கர் பிறந்தவுடன் அனாதை. அவனை எடுத்து வளர்ப்பவள் மிஸ்ரா, சோமாலி அல்லாத, எத்தியோப்பியாவைச் சேர்ந்த ஒரோமோ பெண். ஊர் கல்லாஃபோ. அவள் உடம்பின் சூட்டில் வளர்ந்தவன், மொகடிஷு போய்ப் படித்து, சுவரில் வரைபடம் மாட்டிக்கொண்டு தேசியவாதி ஆகிறான். எதிரிக்குக் காட்டிக்கொடுத்தாள் என்று மிஸ்ரா மேல் பழி விழுகிறது. அவள் கொல்லப்படுகிறாள். அவன் எந்தப் பக்கம் நின்றான் என்பதற்கு நாவல் நேரான பதில் தருவதில்லை. சொந்த நாடு தோற்றுப்போன போரை எடுத்துக்கொண்டு, எதிரி இனத்துப் பெண்ணைத் தாயாக வைத்து எழுதியிருக்கிறார். அந்தப் புண் ஆறாத காலத்தில் ஒரு சோமாலி இதை எழுதியதை நினைத்துப் பாருங்கள். மூன்று விதமாக மாறும் அந்தக் குரல் வெறும் வித்தை இல்லை என்பது கடைசியில் விசாரணை வரும்போது புரியும். குற்றவாளியா, சாட்சியா, நீதிபதியா என்று அவனுக்கே தெரியவில்லை.

மூன்றாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. நேர்மையானதும்கூட. தனக்குத் தெரியாத மொகடிஷுவை எழுத வேண்டிவந்தபோது, தெரிந்தது போல நடிக்கவில்லை, தெரியாதவர்களை நாயகர்களாக்கினார். 'லிங்க்ஸ்' நாவலின் ஜீப்லே நியூயார்க்கிலிருந்து வருகிறார். 'நாட்ஸ்' அம்பாரா டொராண்டோவிலிருந்து வந்து, ஒரு யுத்தப்பிரபு பிடித்து வைத்திருக்கும் குடும்ப வீட்டை மீட்கப் பார்க்கிறாள். 'கிராஸ்போன்ஸ்' நாவலில் அஹ்ல், ஷபாப் என்ற ஆயுதக்குழுவில் சேர்ந்துவிட்ட வளர்ப்பு மகனைத் தேடி மின்னியாபொலிஸிலிருந்து வருகிறான். எல்லோரும் தடுமாறுகிறார்கள், விசாரித்து விசாரித்துத் தெரிந்துகொள்கிறார்கள். வாசகனும் அவர்களோடு போகலாம். ஜீப்லே விமானநிலையத்தில் இறங்கியதுமே, ஆயுதம் ஏந்திய இளைஞர்கள் விளையாட்டாகக் குறிபார்த்துச் சுட்டதில் ஒரு பையன் சாகிறான். ஹோட்டலுக்கு அவருடைய குலத்துப் பெரியவர்கள் மரியாதையாக வந்து, யுத்த வண்டியைப் பழுதுபார்க்கப் பணம் கேட்கிறார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத இடம். ஈழத்து நண்பர் ஒருவருக்கு அந்தப் பக்கங்களைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் இருந்துவிட்டு, புத்தகத்தைக் கொடுங்கள் என்று வாங்கிப்போனார்.

குறையும் நிறைய இருக்கிறது. இவருடைய பாத்திரங்கள் தேநீர் குடித்துக்கொண்டே கட்டுரை வாசிப்பது போலப் பேசுவார்கள். 'நாட்ஸ்' நூறு பக்கம் குறைந்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. படித்த, வெளிநாடு பார்த்த, நாலு மொழி தெரிந்த மனிதர்கள்தான் பெரும்பாலும் மையத்தில் இருப்பார்கள். குலச் சண்டையை வைத்து எல்லாவற்றையும் விளக்குவதை அவர் ஒப்புக்கொள்வதில்லை. அது அவருடைய பலம் என்று நினைக்கிறேன். ஈஸ்ட்லீ கடைக்காரரோ, குலத்தைத் தள்ளிவைத்துவிட்டு அந்தப் போரைப் பேசுவது வெளியே இருப்பவர்களுக்குத்தான் முடியும் என்றார். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எந்தத் தெருவில் போகலாம், எதில் போகக்கூடாது என்று குலத்தை வைத்து முடிவு செய்தவர் சொல்வதை நான் எப்படி மறுக்க?

செய்தித்தாளாக இவரைப் படிக்காதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டென்றால் அது 'ஹைடிங் இன் ப்ளெயின் சைட்'. 2014இல் வந்தது. மொகடிஷுவில் குண்டுவெடிப்பில் ஒரு ஐ.நா. ஊழியர் சாகிறார். ரோமில் இருக்கும் அவருடைய தங்கை பெல்லா, புகைப்படக்காரி, அண்ணன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நைரோபி வருகிறாள். பிள்ளைகளின் அம்மா வலேரி எப்போதோ பிரிந்துபோய், பத்மினி என்ற இந்திய வம்சாவளிப் பெண்ணோடு வாழ்கிறவள், அவளும் வந்து நிற்கிறாள். அதே வருடம் ஜனவரியில் காபூலில் ஓர் உணவகத்தின் மேல் நடந்த தாக்குதலில் ஃபாராவின் தங்கை பஸ்ரா கொல்லப்பட்டார். அவர் யூனிசெஃப் ஊழியர். நாவலைப் படிக்கும்போது இதை மறந்துவிட்டுப் படிக்க முடியவில்லை. நைரோபியை அவர் எழுதியிருக்கும் விதம் எனக்குத் தெரிந்த நைரோபிதான், ஆனால் வசதியான பக்கத்து நைரோபி: வேலி, காவலாளி, பள்ளிக்கூட கார். அந்த ஏப்ரலில் ஈஸ்ட்லீயில் போலீஸ் ஆயிரக்கணக்கான சோமாலிகளைப் பிடித்துக் கசரானி ஸ்டேடியத்தில் வைத்து விசாரித்தது. இரண்டு நைரோபிக்கும் இடையில் பஸ்ஸில் அரைமணி நேரம்.

கடைசியாக, எதை எந்த வரிசையில் எடுப்பது என்று சொல்லிவிடுகிறேன். 'மேப்ஸ்', 'கிஃப்ட்ஸ்', 'சீக்ரெட்ஸ்' மூன்றும் ஒரு தொகுதி, தனித்தனியாகவும் படிக்கலாம். 'ஸ்வீட் அண்ட் சவர் மில்க்', 'சார்டின்ஸ்', 'க்ளோஸ் செசமி' இன்னொன்று, 'லிங்க்ஸ்', 'நாட்ஸ்', 'கிராஸ்போன்ஸ்' மூன்றாவது. மூன்று தொகுதிகளையும் வரிசையாகப் படிக்க ஆயுசு வேண்டும். 'கிஃப்ட்ஸ்', பிறகு முதல் நாவல், பிறகு 'ஸ்வீட் அண்ட் சவர் மில்க்', பிறகு 'மேப்ஸ்', 'லிங்க்ஸ்' என்று போனால் ஐந்து புத்தகத்தில் ஆளைப் பிடித்துவிடலாம். பிடித்திருந்தால் 2018இல் வந்த 'நார்த் ஆஃப் டான்' எடுங்கள். ஓஸ்லோவில் வாழும் சோமாலித் தம்பதி, தற்கொலைப் படையில் செத்த மகன், அவன் விட்டுப்போன மனைவியும் பிள்ளைகளும் வந்து கதவைத் தட்டுகிறார்கள். 'சீக்ரெட்ஸ்' மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. யாராவது முழுதாக முடித்திருந்தால் எழுதுங்கள், நானும் இன்னொரு தடவை முயன்று பார்க்கிறேன்.